ஒரே மழை, இரண்டு காடு

ஏழு வருடத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி இரவு. எட்டு மணிக்குப் பிடித்த மழை பத்தரைக்குத்தான் விட்டது. புரட்டாசி முழுக்க வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போயிருந்த எங்களுக்கு அந்தச் சத்தமே போதுமாயிருந்தது. "ரெண்டு உழவு மழை இருக்கும்டா" என்றாள் அம்மா. முற்றத்தில் பக்கச்சுவர் நேராக உள்ள ஒரு பழைய தகர டின் கிடந்தது. டார்ச் அடித்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். சரியாக 5 செ.மீ. தண்ணீர், அதாவது 50 மில்லிமீட்டர். வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரிக்காரனுக்கு அது ஒரு பருவத்தையே காப்பாற்றக்கூடிய மழை.

விடிந்தும் விடியாமலும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனேன். காடு என்றால் எங்கள் பக்கத்தில் மழையை நம்பி விதைக்கிற மானாவாரி நிலம். வண்டித்தடத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. தடம் நிறையச் செந்தண்ணீர் ஓடிய அடையாளம், ஓரமெல்லாம் வண்டல். காட்டின் கீழ்மூலையில் வரப்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. நடுக்காட்டில் நின்று ஒரு வெட்டு வெட்டினேன். அரைச் சாண் ஈரம். அதற்குக் கீழே முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே, கையில் எடுத்தால் உதிர்கிற புழுதி.

வரப்பைத் தாண்டினால் சித்தப்பாவின் காடு. இருங்குச் சோளம் கதிர் வாங்கி நின்றது, தாளைச் சுற்றிக்கொண்டு மொச்சை, இடையில் ஆறு சாலுக்கு ஒரு சால் துவரை. அங்கே போய் ஒரு வெட்டு வெட்டினேன். ஈரம். இன்னொரு வெட்டு. அப்போதும் ஈரம். ஒன்றரைச் சாண் தாண்டித்தான் காய்ந்த மண் வந்தது. சித்தப்பா அதற்குள் வந்து நின்றிருந்தார். வெட்டின குழியையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, "நேத்துப் பேஞ்சது உன் காட்டுக்கும் சேத்துத்தானே பேஞ்சுது" என்றார். குத்திக்காட்டும் குரல் இல்லை அது. அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

அந்த வருத்தத்துக்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு காடும் ஒரு காலத்தில் ஒரே காடு. தாத்தா இருந்தவரை நடுவில் வரப்பே கிடையாது. பாகப்பிரிவினையில்தான் கயிறு பிடித்துக் குறுக்கே பிரித்தார்கள். மண் ஒன்று, சரிவு ஒன்று, பெய்கிற மழை ஒன்று. பிரித்தபிறகு இருபத்தைந்து வருடம் அப்பாவும் நானும் ஒருவிதமாக உழுது விதைத்தோம், சித்தப்பா வேறுவிதமாக. அரைச் சாணுக்கும் ஒன்றரைச் சாணுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் அந்த இருபத்தைந்து வருடம்தான். வேளாண் ஆராய்ச்சிக்காரர்கள் காசு செலவழித்துப் பாத்தி பாத்தியாகப் பிரித்து வைத்துப் பார்க்கிற சோதனை, எங்கள் குடும்பத்தில் தானாக நடந்து முடிந்திருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் ஏக்கரில் 1 மி.மீ. மழை விழுந்தால் ஏறத்தாழ 4,000 லிட்டர். 50 மி.மீ. என்றால் 2 லட்சம் லிட்டர். டேங்கர் லாரிக்கு 12,000 லிட்டர் என்று வைத்தால் ஏக்கருக்குப் பதினாறு லாரிக்கு மேல் தண்ணீர் வானத்திலிருந்து இறங்கியிருக்கிறது. அதில் பெரும்பங்கு என் மண்ணையும் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டது. அடுத்த பங்குனியில் தென்னங்கன்றுகளுக்காக நான் காசு கொடுத்து லாரித் தண்ணீர் வாங்கினேன் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

மண்ணுக்குத் தண்ணீர் குடிக்கும் வேகம் என்று ஒன்று இருக்கிறது. பாசனப் பாடப் புத்தகங்களில் இருக்கும் பொதுவான கணக்கு இது: களிமண் மணிக்கு 1 முதல் 5 மி.மீ. வரை உள்ளே விடும், களி கலந்த வண்டல் 5 முதல் 10, வண்டல் 10 முதல் 20, மணல் கலந்த வண்டல் 20 முதல் 30, மணல் அதற்கும் மேல். எங்கள் செம்மண் மணல் கலந்த வண்டல் வகை. அன்றைய மழை இரண்டரை மணி நேரத்தில் 50 மி.மீ., மணிக்கு 20. புத்தகக் கணக்குப்படி என் காடு அந்த மழையைக் கிட்டத்தட்ட முழுக்கக் குடித்திருக்க வேண்டும். குடிக்கவில்லை. மண்ணின் வகையைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லாமல் போனது அங்கேதான்.

காரணத்தின் முதல் பாதி மேலேயே இருந்தது. அந்த மழைக்கு ஐந்து நாள் முன்னால்தான் கடலை பிடுங்கிய காட்டில், கொள்ளு விதைக்கலாம் என்று ரோட்டவேட்டர் விட்டிருந்தேன், இரண்டு ஓட்டு. கத்திகள் சுழன்று அடித்ததில் மண் சலித்த மாவு மாதிரி ஆகியிருந்தது. பார்க்க அவ்வளவு அழகு. காலை வைத்தால் கணுக்கால் வரை புதையும். இவ்வளவு பொலபொலவென்று இருக்கிற மண் தண்ணீரை உறிஞ்சாமலா போகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். உறிஞ்சவும் செய்தது, முதல் கால் மணி நேரம்.

பெரிய மழைத்துளி, 5 மி.மீ. குறுக்களவு உள்ளது, தரையில் விழும்போது விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வருகிறது. மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். மேலே இலையோ சருகோ இல்லாத மண்ணில் ஒவ்வொரு துளியும் ஒரு சின்னச் சம்மட்டி. மண் உருண்டைகள் உடைகின்றன. உள்ளே இருந்த மெல்லிய வண்டலும் களியும் பிரிந்து தண்ணீரோடு கலங்கி, கீழே இருக்கிற துளைகளுக்குள் போய் அடைத்துக்கொள்கின்றன. சில மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு பூச்சு விழுந்துவிடுகிறது, சுவருக்குச் சாந்து பூசினது போல. அதற்குப் பிறகு எவ்வளவு பெய்தாலும் அந்தப் பூச்சு விடுவதுதான் கணக்கு. வெயில் வந்ததும் அதுதான் பொருக்காகிறது. விரலால் நெம்பினால் அப்பளம் மாதிரி துண்டு துண்டாக எழும்பும். எள்ளும் கம்பும் முளைத்துவந்து அதை முட்ட முடியாமல் உள்ளேயே வளைந்து செத்துக்கிடப்பதை எங்கள் பக்கத்தில் பார்க்காதவர்கள் இல்லை.

எல்லா உருண்டையும் மழைக்கு உடையுமா? இதைப் பார்க்க ஒரு கண்ணாடி டம்ளர் போதும். என் காட்டிலிருந்து கோலிக்குண்டு அளவு ஒரு கட்டி, சித்தப்பா காட்டிலிருந்து அதே அளவு ஒன்று. இரண்டையும் நிழலில் காயவைத்து, இரண்டு டம்ளர் தண்ணீரில் மெதுவாக விட்டேன். என்னுடையது ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஓரமெல்லாம் புகை மாதிரி கிளம்பி, சரிந்து, அடியில் சேறாகப் படுத்துவிட்டது. அவருடையதிலிருந்து சில குமிழிகள் வந்தன. நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் உருண்டை உருண்டையாகவே இருந்தது. எடுத்து நடுவில் பிட்டுப் பார்த்தேன். முடியைவிட மெல்லிய வேர்கள், அவற்றைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் மண் பொடிமணிகள். வேர் விடுகிற பசையும், வேரோடு வாழும் பூஞ்சைகளின் இழைகளும்தான் அந்த உருண்டையைக் கட்டி வைத்திருந்தன. ஒவ்வொரு ரோட்டவேட்டர் ஓட்டும் அந்த இழைகளை அறுக்கிறது. காற்றும் வெயிலும் உள்ளே பட்டு மண்ணில் மக்கிக் கலந்திருக்கும் இலைதழைப் பொருள் வேகமாக எரிந்துபோகிறது. பிறகு உருண்டையைக் கட்டி வைக்க என்ன இருக்கிறது?

இரண்டாவது பாதி கீழே இருந்தது. அந்தக் கோடையில் காட்டு நடுவில் முழ ஆழம் குழி எடுத்து, ஒரு பக்கச் சுவரைச் சமமாகச் சீவிவிட்டு, சமையல் கத்தியின் முனையால் மேலிருந்து கீழாகக் குத்திக்கொண்டே வந்தேன். முக்கால் சாண் வரை கத்தி வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது. அங்கே நின்றுவிட்டது. நான்கு விரற்கடை கனத்துக்கு ஓர் இறுக்கம். அதைத் தாண்டினால் மறுபடி இளக்கம். அந்த இறுக்கத்தின் தலையில் போன வருடக் கடலையின் ஆணிவேர்கள் நேரே இறங்காமல் பக்கவாட்டில் திரும்பி ஓடியிருந்தன. வருடாவருடம் ஒரே ஆழத்தில் கலப்பை போவதாலும், உழவுப் பதம் வருவதற்குள் அவசரப்பட்டு ஈரத்திலேயே டிராக்டரை இறக்குவதாலும் உண்டாகும் அடிமண் இறுக்கம் அது. தாத்தாவின் நாட்டுக் கலப்பையும் அடியில் இறுக்கம் உண்டாக்கியிருக்கும். ஆனால் அது மண்ணைக் கூராகக் கீறிக்கொண்டு போகும், சாலுக்கும் சாலுக்கும் நடுவே உழாத மண் நிற்கும். ரோட்டவேட்டர் அப்படி எதையும் மிச்சம் வைப்பதில்லை. கத்தி எட்டுகிற ஆழத்தில் காடு முழுக்க ஒரே தளமாக அடித்துச் சமன் செய்துவிடுகிறது.

"அகல உழுகிறதைவிட ஆழ உழு" என்று சும்மாவா சொன்னார்கள் என்று நினைத்து, அடிமண் இறுக்கத்தை ஆழமாகக் கீறி உடைக்கும் உளிக்கலப்பையை வரச் சொன்னேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இறுகிய செம்மண்ணுக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறது. அரை மீட்டர் இடைவெளியில் நெடுக்கும் குறுக்குமாக ஓட்ட வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும், கூடவே தொழு உரமோ மக்கிய தென்னைநார்க் கழிவோ ஹெக்டேருக்கு 12.5 டன் இட வேண்டும். சித்திரையில் மண் முறுகக் காய்ந்திருக்கும்போது ஓட்டுவது முக்கியம். அப்போதுதான் அடித்தட்டு நொறுங்கி விரிசல் விடும். ஈரத்தில் ஓட்டினால் உளி போன இடத்தில் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். நான் சரியான நேரத்தில் ஓட்டினேன். அந்த வருட மழை நன்றாகவே இறங்கியது. தொழு உரத்தை மட்டும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுபடி கடலையே போட்டேன். மறுபடி ரோட்டவேட்டர். இரண்டாவது வருட மழையில் வரப்பு பழைய இடத்திலேயே உடைந்தது.

அப்போதுதான் சித்தப்பா ஒரு வார்த்தை சொன்னார். "இரும்பு தொறந்ததை எதை வச்சுடா தொறந்தே வச்சிருப்ப? வேரு போயி உக்காரணும்ல."

இதை அளந்தே பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். ஆறு அங்குல பிவிசி குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்து, ஒரு விளிம்பை அரத்தால் தேய்த்துக் கூராக்கினேன். மேலே பலகை வைத்துச் சுத்தியலால் தட்டி நான்கு விரற்கடை மண்ணுக்குள் இறக்கினேன். உள்விட்டம் 15 செ.மீ. உள்ள வளையத்துக்குள் 440 மில்லி தண்ணீர் விட்டால் அது 25 மி.மீ. மழைக்குச் சமம். ஊற்றும் வேகத்தில் மண் கலங்காமல் இருக்க உள்ளே ஒரு பாலிதீன் தாளை விரித்து, அதன்மேல் ஊற்றிவிட்டுத் தாளை மெல்ல உருவ வேண்டும். உருவிய நொடியிலிருந்து நேரம் கணக்கு. முதல் முறை ஊற்றுவதை நம்பக்கூடாது. காய்ந்த மண் முதலில் ஆவலாகக் குடிக்கும், போகப்போகக் குறைந்து ஒரு நிதானத்துக்கு வரும். ராபர்ட் ஹார்ட்டன் என்ற அமெரிக்கர் 1930களில் இந்தக் குறைவைத்தான் கணக்காக எழுதி வைத்தார். அதனால் இரண்டாவது முறை ஊற்றும்போது ஆகும் நேரமே கணக்கில் வரும்.

பங்குனியில் அளந்தேன், இரண்டு காட்டிலும் பயிர் இல்லாத நேரம் பார்த்து. ஐப்பசியில் சித்தப்பா காட்டு மண்ணைச் சோளத்தோகை மழையடியிலிருந்து காத்தது என்று ஒரு சமாதானம் என் மனதில் இருந்தது. அதையும் விலக்கிவிட்டுப் பார்க்கத்தான் அந்த மாதம். பொருக்கு கலையாமல் வளையத்தை இறக்கினேன். என் காட்டில் இரண்டாவது 440 மில்லி, இரண்டு மணி நேரம் கழிந்தும் அடியில் பளபளத்துக்கொண்டிருந்தது. சித்தப்பா காட்டில் இருபது நிமிடத்துக்குள் வற்றியது. பொதுவில் நிற்கும் புங்க மரத்தடியில், சருகை விலக்கிவிட்டு வைத்தபோது மூன்று நிமிடம். அந்த மரத்தடியில் கலப்பை பட்டதே இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உழாத மண் மூன்று நிமிடத்தில் குடிக்கிறது, மாவாக உழுத மண் இரண்டு மணி நேரத்திலும் குடிக்கவில்லை.

இதற்கு விளக்கம் எளிது. மனதில் ஏறத்தான் நாளாகும். உழுதால் மண்ணில் காலி இடம் கூடுகிறது, அது உண்மை. ஆனால் தண்ணீர் கீழே போக வேண்டுமென்றால் அந்தக் காலி இடங்கள் ஒன்றோடொன்று தொடுத்து, மேலே வாய் திறந்து, கீழே வரைக்கும் போகிற குழாயாக இருக்க வேண்டும். ஒரு துளையின் விட்டம் இரண்டு மடங்கானால் அதில் தண்ணீர் ஓடும் அளவு பதினாறு மடங்காகிறது. 3 மி.மீ. உள்ள மண்புழுத் துளை ஒன்று, 0.3 மி.மீ. உள்ள பத்தாயிரம் நுண்துளைக்குச் சமம். இத்தகைய பெரிய குழாய்களை உண்டாக்குவது மண்புழுவும், கறையானும், செத்து மக்கிய வேரும். கலப்பை அவற்றைக் குறுக்கே வெட்டி, மேல்வாயைப் புழுதியால் அடைத்துவிடுகிறது.

பயிரை மாற்றி மாற்றிப் போடுவது என்றால் சத்துக்காக என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். பயறு போட்டால் மண்ணில் தழைச்சத்து சேரும், கடலையும் பயறு குடும்பம்தானே, ஆகவே வருடாவருடம் கடலை போட்டாலும் மண்ணுக்கு நல்லதுதான் என்பது என் கணக்கு. தண்ணீர் இறங்கும் கண்ணோடு பார்த்தால் அந்தக் கணக்கு தவறு. கடலையை அறுவடை செய்வதே ஓர் உழவு. செடியை வேரோடு பிடுங்கி, மிச்சக் காய்க்காக மறுபடி மண்ணைக் கிளறுகிறோம். கொடி முழுக்க மாட்டுக்குப் போகிறது. மண்ணில் வேரும் மிஞ்சாது, சருகும் மிஞ்சாது. வடகிழக்குப் பருவமழையின் கனமழை வருகிற நேரத்தில் காடு துடைத்து வைத்த களம் மாதிரி வெறுமையாகக் கிடக்கும். அப்பாவும் நானும் சேர்ந்து பதினைந்து வருடத்துக்கு மேல் அதைத்தான் செய்திருக்கிறோம். கடலைக்கு விலை இருந்தது, கடன் இருந்தது. அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன்.

சித்தப்பா கடலை போட்ட காட்டில் மறுவருடம் கடலை போட்டதே இல்லை. அடுத்த வருடம் சோளமோ கம்போ, மொச்சை, தட்டைப்பயறு, துவரை கலந்து. அதற்கடுத்த வருடம் எள்ளும், பின்னால் கொள்ளும். ஒவ்வொன்றும் மண்ணுக்குள் ஒவ்வொரு வேலை செய்கிறது. சோளமும் கம்பும் சல்லிவேர்ப் பயிர்கள். மேல் ஒரு சாண் மண்ணை வலை போட்டதுபோல் பின்னி, டம்ளரில் கரையாத அந்த உருண்டைகளைக் கட்டித் தருகின்றன. துவரை ஆணிவேர்ப் பயிர். ஒன்றரை, இரண்டு மீட்டர் வரை இறங்கக்கூடியது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடிமண் இளகியிருக்கும்போது இறுக்கத்தைத் துளைத்துக்கொண்டு போகும். தை, மாசியில் துவரையை வெட்டியபிறகு அந்த வேர் உள்ளேயே மக்கி, அடுத்த மழைக்கு ஒரு குழாயாக நிற்கும். கொள்ளு தரையோடு படர்ந்து துளியின் அடியை வாங்கிக்கொள்ளும். கூடவே இரண்டு கறவை மாட்டின் சாணமும் வருடம் தவறாமல் அந்தக் காட்டுக்குப் போயிருக்கிறது. அதன் பங்கும் பெரிது. எல்லாப் புகழும் துவரைக்கே என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

இவ்வளவும் புரிந்தபிறகு நான் ஒரு தப்பு செய்தேன். புங்க மரத்தடி மூன்று நிமிடம் என் தலைக்குள்ளேயே நின்றது. உழவே வேண்டாம் என்று முடிவு செய்து, ஒரு வருடம் காட்டில் கலப்பையே இறக்காமல் பொருக்கு மேலேயே சால் மட்டும் கீறிக் கம்பு விதைத்தேன். காட்டில் சருகு என்று ஒரு பிடிகூட இல்லை. வந்த மழை சிமெண்ட் தரையில் ஓடுவது போல் ஓடியது. உழுதிருந்தாலாவது முதல் மழையை மட்டும் வாங்கியிருக்கும். பாதி கம்பு முளைக்கவே இல்லை. ஆடிப்பட்டம் போனது போனதுதான்.

மரத்தடி மண் தண்ணீரைக் குடிப்பதற்குக் காரணம் உழாமல் விட்டது மட்டும் இல்லை. மேலே சருகு மூடியிருக்கிறது, உள்ளே வேர் ஓடுகிறது, சருகைத் தின்னப் புழு வருகிறது, புழு துளை போடுகிறது. அந்தச் சங்கிலியில் உழாமை ஒரு கண்ணி. எங்கள் செம்மண் தானாக விரிந்து சுருங்குகிற மண் அல்ல. மூடாக்கு இல்லாமல் விட்டால் தானாக இறுகிவிடும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் வேறு மாதிரி. காய்ந்தால் வெடிப்பு விடும், முதல் மழை அந்த வெடிப்பு வழியாக இறங்கிவிடும். நனைந்து உப்பி வெடிப்பு மூடியபிறகு மணிக்குச் சில மில்லிமீட்டர் இறங்கினாலே பெரிது. ஒரு மண்ணில் பார்த்த வித்தையை இன்னொரு மண்ணுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது.

உழாத வேளாண்மைக்குப் பெரிய உதாரணமாகப் பிரேசிலைச் சொல்வார்கள். பரானா மாநிலத்தில் ரோலாந்தியா என்ற ஊரில் ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயி, பெருமழையில் தன் மண் கரைந்து போவதைப் பார்த்து மனம் நொந்து, அமெரிக்காவின் கெண்டக்கி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து 1972இல் உழாமல் விதைக்கத் தொடங்கினார். இன்று அந்த நாட்டில் கோடிக்கணக்கான ஏக்கர் அப்படித்தான் நடக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் வயலில் கிடக்கும் தாள்தான் கண்ணில் படும். அறுவடை முடிந்ததும் தாளையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு, அதற்கு நடுவே விதைக்கிறார்கள். எங்கள் ஊரில் சோளத்தட்டை என்றால் மாட்டுக்கு ஆறு மாதச் சாப்பாடு. படப்பு போட்டு வைக்கிற தட்டையை மண்ணுக்குப் போடு என்று எந்த வாயால் சொல்வது? மானாவாரிக்காரனின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. மண்ணும் மாடும் ஒரே தட்டைக்குக் கை நீட்டுகின்றன.

ஐதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டன்செருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற சர்வதேச வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1976இலிருந்து ஒரு கரிசல் நிலத்தை இரண்டாகப் பிரித்து வைத்துப் பார்த்து வருகிறார்கள். ஒன்றில் அந்தப் பக்கத்து வழக்கப்படி மழைக்காலத்தில் நிலத்தைச் சும்மா போட்டுவிட்டு, மழை ஓய்ந்தபிறகு சோளமோ கொண்டைக்கடலையோ விதைப்பது. மற்றதில் மேட்டுப்பாத்தியும் வாய்க்காலும் எடுத்து, மழைக்கு முன்னாலேயே விதைத்து, துவரை கலந்த சோளம் போன்ற பயிர்களை மாற்றி மாற்றிப் போட்டு, மழைக்காலம் முழுக்கப் பச்சை நிற்கும்படி பார்ப்பது. முதலாவதில் சராசரியாக ஹெக்டேருக்கு 1 டன்னை ஒட்டி விளைகிறது, இரண்டாவதில் 5 டன்னை ஒட்டி. விதையும் உரமும் இரண்டிலும் வேறுதான், அதனால் முழு வித்தியாசத்தையும் தண்ணீர்க் கணக்கில் எழுதக்கூடாது. ஆனால் ஓடிப்போகிற தண்ணீரும் கரைந்துபோகிற மண்ணும் இரண்டாவதில் மிகக் குறைவு. மழை பெய்கிற மாதத்தில் நிலம் அம்மணமாகக் கிடப்பதைவிடப் பெரிய கேடு எதுவும் இல்லை என்ற எண்ணம் எனக்கு வலுத்தது அதைப் படித்துத்தான்.

இதற்கு நேர் எதிராக, தண்ணீர் இறங்கவே கூடாது என்று உழுகிற உழவும் நம்மிடம் இருக்கிறது. என் மனைவியின் ஊர் கும்பகோணம் பக்கம். முதன்முதலில் அங்கே நாற்று நடவுக்குத் தொளி கலக்குவதைப் பார்த்தபோது வியப்பாக இருந்தது. தண்ணீரைக் கட்டி, சேற்றைக் கலக்கு கலக்கென்று கலக்கி, மண் உருண்டைகளை வேண்டுமென்றே உடைத்துத் துளைகளை அடைக்கிறார்கள். என் காட்டில் மழை செய்த கேட்டை அங்கே தேவைக்காகச் செய்கிறார்கள். நெல்லுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், அதனால் அது சரியான வேலை. ஆனால் அதே வயலில் நெல் அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் மெழுகு பதத்தில் இருக்கும் ஈரத்தில் நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தூவிவிடுவார்கள். உழவே கிடையாது. நெல் தாளுக்கு நடுவே, மிச்ச ஈரத்திலும் பனியிலுமே உளுந்து விளையும். உழாத வேளாண்மை என்று வெளிநாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, மாமனார் வீட்டுக் கொல்லைக்கு அடுத்த வயலிலேயே அது நடந்துகொண்டிருந்தது. இப்போது அறுவடை இயந்திரம் ஏறி முளைத்த உளுந்தை மிதித்துவிடுகிறது என்று பலர் விட்டுவிட்டார்கள். மாமாவிடம் கேட்டால், "மெஷினு ஏறின தடத்துல தண்ணி நிக்குது மாப்ள, அங்க உளுந்து எங்க வரும்?" என்கிறார்.

எங்கள் காட்டில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். ரோட்டவேட்டரைக் காட்டுக்குள் விடுவதில்லை. கோடை மழைக்குப் பிறகு சரிவுக்குக் குறுக்காகக் கொக்கிக் கலப்பை ஒரு ஓட்டு, விதைப்புக்கு முன்னால் இன்னொன்று, அவ்வளவுதான். அதுவும் மண்ணை உருட்டினால் உருளாமல் உதிர்கிற பதம் வந்தபிறகு. கட்டி கட்டியாக இருக்கிறதே என்று பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். இருக்கட்டும், கட்டிக்கு இடையில்தான் மழை தங்கும். இரண்டாம் முறை உளிக்கலப்பை ஓட்டிய வருடம் தொழு உரமும் போட்டு, உடனே சோளத்தோடு துவரையும் போட்டேன். கடலை மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான், அதிலும் துவரைச் சால் உண்டு, கடலை பிடுங்கியபிறகும் துவரை நிற்கும்படி. சோளத்தட்டையை முன்பு தரையோடு அறுப்போம், இப்போது ஒரு சாண் விட்டு அறுக்கச் சொல்கிறேன். அந்த ஒரு சாணுக்காக அம்மாவோடு இரண்டு வருடம் வாக்குவாதம் நடந்தது. மாட்டுக்கு ஒரு சாண் குறைந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாத விஷயம், அவளுக்குத் தெரிந்த விஷயம். வரப்பில் கொஞ்சம் கோ-4 தீவனப்புல் வைத்த பிறகுதான் சமாதானமானாள். துவரை மார், அதாவது காய்ந்த துவரைத் தண்டு, முன்பெல்லாம் அடுப்புக்குப் போகும். கேஸ் வந்தபிறகு அது யாருக்கும் வேண்டாத பொருளாகிவிட்டது. அதை வெட்டி, சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் படுக்க வைக்கிறேன். ஓடி வருகிற தண்ணீர் அதில் தயங்கி நிற்கிறது. கறையான் அதைத் தின்ன வருகிறது. மாருக்கு அடியில் கறையான் போடுகிற துளைகளை நான் இப்போது ஆசையாகப் பார்க்கிறேன்.

ஒரே வருடத்தில் எதுவும் மாறவில்லை. இரண்டாவது வருடமும் வளையச் சோதனையில் ஒரு மணி நேரத்துக்கு மேல்தான் ஆனது. மூன்றாவது வருடம் நாற்பது நிமிடத்துக்கு வந்தபோது நம்பாமல் வேறு மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தேன். இடத்துக்கு இடம் மாறியது, ஆனால் பழைய இரண்டு மணி நேரம் எங்கும் இல்லை. சித்தப்பாவின் இருபது நிமிடத்தை நான் இன்னும் தொடவில்லை.

போன ஐப்பசியில் ஒரு பெரிய மழைக்கு மறுநாள் மண்வெட்டியோடு போனேன். கீழ்மூலை வரப்பு நின்றிருந்தது, அதன் உள்பக்கம் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் தேங்கியிருந்தது. நடுக்காட்டில் ஒரு குழி வெட்டி, பக்கச் சுவரைச் சீவினேன். ஈரம் எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் இறங்கியிருக்கவில்லை. ஒரு சாண் வரை சீராகக் கருத்திருந்தது. அதற்குக் கீழே ஒரே ஓர் இடத்தில் மட்டும், பென்சில் கனத்தில் ஒரு கருங்கோடு அந்தப் பழைய இறுக்கத்தைத் துளைத்துக்கொண்டு நேரே கீழே போனது. விரலால் தொட்டுப் பார்த்தேன். முந்தின வருடத் துவரையின் வேர். உள்ளே மரம் மக்கித் தோல் மட்டும் மிஞ்சியிருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் இறங்கி, இரண்டு பக்கமும் இரண்டு விரற்கடைக்கு மண்ணை நனைத்திருந்தது. சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குந்தி உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார். "இதுக்கும் கீழ எவ்வளவு போயிருக்குன்னு பாரு" என்றார். நான் கடப்பாரையை எடுத்துவர வீட்டுக்கு நடந்தேன்.